விடியற்காலையில் மட்டும் கத்திய வேன்

செல்வராணி அந்த வேனை முதல் தடவை என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் இறங்கி, பானெட்டைத் தானே தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"என்னம்மா கம்ப்ளைன்ட்?"

"காலையில ஸ்டார்ட் பண்ணுனா கத்துது பாய். ஊசி மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போனா நின்னுருது."

"இப்ப இருக்கா?"

"இப்ப இல்ல. வெயில் வந்தா இருக்காது. பனியிலதான் கத்துது."

குனிந்து கேட்டேன். பழைய டீசல் என்ஜினுக்கு உரிய தடதடப்பு இருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். இறுக்கம் சரியாக இருந்தது. ஆயிலும் தண்ணீரும் சரியாக இருந்தன. "கத்தும்போது கொண்டாங்க, பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்தத் தொடரில் இதுவரை பாலைவனத்து ஒர்க்‌ஷாப்புகளையே சுற்றிச் சுற்றி எழுதிவந்தேன். இது ஊருக்குத் திரும்பி, மனைவியின் ஊரான இலுப்பூரில் சொந்தமாகப் பட்டறை போட்டு உட்கார்ந்த பிறகு நடந்தது. ரொம்ப நாள் ஆகவில்லை. இரண்டு மார்கழிக்கு முன்னால்.

வேனில் போகிறவர்கள்

செல்வராணி வசிப்பது இலுப்பூரிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் உள்ளே ஒதுங்கிய ஒரு கிராமம். வேனை வாங்கியவர் அவர் கணவர் முருகேசன். வாங்கும்போதே அது பழைய வண்டிதான். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓட்டினார்.

பிறகு முருகேசனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். விடியற்காலை முதல் ஷிப்டில் இடம் கிடைத்தது. போகும்போது அவரே ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெம்பு இருக்காது. அதற்காகத்தான் செல்வராணி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். அதுவரை அவர் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை.

அக்கம்பக்கத்துக் கிராமங்களில் அதே ஷிப்டுக்குப் போகிறவர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக வேனில் சேர்ந்துகொண்டார்கள்.

முருகேசன் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் அந்த நால்வரில் ஒருவர் போன் செய்து, நாங்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "இல்லண்ணே, நான் வாரேன்" என்று செல்வராணி சொல்லிவிட்டார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. 

வாயால் சத்தம் போடுகிறவர்கள்

ரிப்பேருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார்கள். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற ஒருவர், சேவல் கூவுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற மாதிரி இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் சைலன்ஸரில் ஓட்டை. டிராக்டர்காரர் ஒருவர் கன்னத்தை உப்பவைத்துக் காற்றை விடுவார். அவருக்கு எப்போதும் அதே சத்தம்தான், டிராக்டருக்குத்தான் வேறு வேறு கோளாறு.

வெளிநாட்டில் ஒரு பாகிஸ்தான்காரர் லாரி கொண்டுவருவார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு 'க்ர்ர்ர்க்' என்பார். நான் கியர் பாக்ஸைத் தட்டிக் காட்டுவேன். கட்டிப்பிடித்துக்கொள்வார். சத்தத்தைக் காதால் பிடித்து இடத்தைச் சொல்கிறவன் என்று அங்கே எனக்குப் பேர் இருந்தது.

செல்வராணி வாயால் எதுவும் செய்து காட்டவில்லை. இரண்டாவது தடவை வந்தபோது சத்தத்தைப் போனில் பதிந்துகொண்டு வந்திருந்தார்.

போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். தடதடதட. மறுபடி வைத்தேன். அதேதான்.

"போன்ல சரியா பதியலம்மா."

போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கேக்குதே பாய்."

"நேர்ல கேட்டாத்தான் சொல்ல முடியும். நீங்க கெளம்புற நேரத்துக்கு நானே ஒரு நாள் வாரேன்."

நம்மூர்க் குளிர்

வளைகுடாவில் நான் பார்த்த நோயெல்லாம் சூட்டினால் வந்த நோய். ரேடியேட்டர் கொதிக்கும், ரப்பர் குழாய் வெடிக்கும், டயர் உரியும். அங்கேயும் குளிர்காலம் உண்டு. ஆனால் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டிகள் வருவது பகலில்தான். குளிரில் கத்துகிற என்ஜினை நான் அதிகம் பார்த்ததில்லை.

நம்மூர்க் குளிரை மலைப்பிரதேசத்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் இலுப்பூர்ப் பக்கம் பாறை அதிகம். பகலெல்லாம் காய்ந்த பாறை விடியும் நேரத்தில் தொட்டால் சில்லென்று இருக்கும். மார்கழியில் வண்டிக் கண்ணாடியைத் துடைக்காமல் எடுக்க முடியாது.

ஒரு என்ஜின் குளிரில் மட்டும் கத்தினால், பெரும்பாலும் சுற்றுகிற ஏதோ ஒன்றின் பேரிங்கில் கிரீஸ் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மிச்சமிருக்கிற கொஞ்ச கிரீஸும் இரவில் இறுகிவிடும். காலையில் பேரிங் குண்டுகள் காய்ந்த இரும்பில் உரசிக்கொண்டு ஓடும், கத்தும். என்ஜின் சூடானதும் கிரீஸ் இளகும், சத்தம் அடங்கும். அடங்கிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே தேய்வது நிற்பதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டால் எந்தப் பேரிங் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

எல்லோருக்கும் கேட்டது

ஒரு நாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு மொபெட்டில் செல்வராணியின் ஊருக்குப் போனேன். வேன் அவர் வீட்டு வாசலில் நின்றது. கூரை முழுக்கப் பனி. பக்கத்து ஊர்க்காரர்களைச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தார்கள். நாலு பேரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கருப்பையா என்பவர் முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மற்றவர்கள் பேசுவதற்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"டாக்டரு வந்துட்டாரா? பாருங்க பாய், எங்களவிட இதுக்குத்தான் முடியல."

செல்வராணி சாவியைத் திருப்பினார். என்ஜின் இரண்டு தடவை திணறிப் பிடித்துக்கொண்டது. நான் பானெட்டுக்குள் தலையை விட்டேன்.

தடதடப்பு. விசிறியின் காற்று. வேறொன்றும் இல்லை.

"கேக்குதுல்ல?" என்றார் செல்வராணி ஜன்னல் வழியாக.

"கொஞ்சம் ரேஸ் பண்ணும்மா."

பண்ணினார். உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு போர்வையைக் காதுவரை இழுத்துவிட்டதை நான் பார்த்தேன்.

"மப்ளர அவுத்துட்டுக் கேளுங்க பாய்" என்றார் கருப்பையா.

மப்ளரைக் கட்டியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது. அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தேன். பனிக்காற்று காதில் பட்டது. அதே தடதடப்புதான்.

நிமிர்ந்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாய், ஒங்களுக்குக் கேக்கலயா?" கருப்பையா சிரித்தார். "எனக்குக் கிட்னிதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. இந்தா, கீய்ய்ய்னு கத்துதே!"

அவர் கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். நாளைக்கு ட்ரிப் இல்லை என்பதால் இன்று சாயங்காலம் வண்டியைப் பட்டறையில் விட்டுவிடும்படி செல்வராணியிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அது சாலைக்குப் போய்த் திரும்புகிறவரை நின்று பார்த்தேன்.

அன்று முழுவதும் பட்டறையில் வேலை நடந்தது. எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அதற்கு மேலே எனக்கு எட்டாத இன்னொரு சத்தம் இருக்குமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை.

இருக்கு, இல்ல

மறுநாள் செல்வராணி முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வேன் இரவெல்லாம் வெளியே பனியில் நின்றது. பட்டறைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சபுரா, என் மனைவி, டீ கொண்டுவந்தாள்.

ஸ்டார்ட் செய்தேன். சபுரா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லா, என்னா கத்து கத்துது!"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ஜினை அணைத்தேன். சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

"எனக்குக் கேக்கலம்மா" என்றேன் செல்வராணியிடம். "உண்மையிலேயே கேக்கல. ஒனக்குக் கேக்குது. நான் ஒண்ணொண்ணா கழட்டிக்கிட்டே வாரேன். நீ இருக்கு, இல்லன்னு மட்டும் சொல்லு. என்ஜின் சூடாயிட்டா அடங்கிரும். அதுக்குள்ள புடிக்கணும்."

"சரி பாய்" என்றார். துப்பட்டாவை எடுத்து வேனுக்குள் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.  சபுரா டீயை மறந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

முதலில் வெளிப் பெல்ட்டில் தண்ணீரைத் தெளித்தேன். பெல்ட் வழுக்கிக் கத்துவதாக இருந்தால் ஈரம் பட்டதும் சத்தம் மாறும்.

"இருக்கு. அப்பிடியேதான் இருக்கு."

அணைத்துவிட்டு வெளிப் பெல்ட்டையே கழற்றினேன். டைனமோவையும் ஸ்டியரிங் பம்பையும் சுற்றவைப்பது அந்தப் பெல்ட். கழற்றிவிட்டால் அவை இரண்டும் நின்றுவிடும். ஸ்டார்ட் செய்து செல்வராணியின் உதட்டைப் பார்த்தேன்.

"இருக்கு பாய்."

உடனே அணைத்தேன். கோளாறு வெளியே இல்லை. என்ஜின் மூடிக்குப் பின்னால், உள் பாகங்களை ஒரே கணக்கில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு, நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்தேன். அதன் நுனியை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது பழைய முறை. உள்ளே எங்கே என்ன நடக்கிறது என்று அது சொல்லிவிடும். அன்றைக்கு நுனியை நான் பிடித்துக்கொண்டேன், கைப்பிடியில் செல்வராணி காதை வைத்தார்.

"இங்க?"

"தடதடன்னுதான் கேக்குது."

"இங்க?"

"அதேதான்... லேசா இருக்கு, ஆனா இங்க இல்ல."

நுனியைக் கொஞ்சம் மேலே, இடதுபக்கம் நகர்த்தினேன். செல்வராணி சடாரென்று தலையை இழுத்துக்கொண்டார்.

"காதுக்குள்ள குத்துது பாய்! இங்கதான், இங்கனதான்."

கைப்பிடியை வாங்கி என் காதில் வைத்தேன். தடதடப்பு மட்டும் வந்தது. பிறகு விரலை வைத்துப் பார்த்தேன். விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடிப் பொடியாக ஓர் அதிர்வு இருந்தது. அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"கொறையுது பாய்" என்றார். "கொறையுது... போயிருச்சு."

என்ஜின் சூடாகியிருந்தது. அது போனதும் எனக்குத் தெரியவில்லை.

சின்னச் சக்கரம்

மூடியைக் கழற்றினோம். டைமிங் பெல்ட் ஓடும் வழியில், அதைத் தாங்கிப் பிடித்துத் திசை திருப்புவதற்கென்று உள்ளங்கை அளவுக்கு ஒரு சக்கரம் உண்டு. அதைச் சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருந்தது. பெல்ட்டின் ஓரம் தின்னப்பட்டு நூல் தொங்கியது. பெல்ட்டைத் தளர்த்திச் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டேன். நல்ல சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். இது மணலில் உருளுகிற மாதிரி கரகரத்து, பாதியில் நின்றது. பிடித்து ஆட்டினால் ஆடியது.

"இதுக்கா அத்தன சத்தம்?" என்றாள் சபுரா.

இந்தச் சக்கரம் இறுகி நின்றுவிட்டால் பெல்ட் அறுந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அது அறுந்தால், என்ஜினுக்குள் மேலேயும் கீழேயும் போய்வருகிற பாகங்கள் ஒன்றோடொன்று மோதி உடையும். என்ஜின் அந்த இடத்திலேயே நிற்கும். ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். இரண்டு காலையும் வைத்து மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். இதைச் செல்வராணியிடம் சொன்னேன்.

அவர் தொங்குகிற நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வேனின் பின் சீட்டுகளைப் பார்த்தார்.

"போகும்போது நின்னாக்கூட வேற வண்டி புடிச்சு ஏத்திவிட்றலாம்" என்றார். "திரும்பி வரும்போது நின்னா, அவுக கீழ எறங்கி நிக்கக்கூட மாட்டாக பாய்."

டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இந்த வண்டி இப்ப எங்கயும் போகாது" என்றேன்.

"நாளைக்கு ட்ரிப் இருக்கே."

"நாளைக்குள்ள மாத்திருவோம். முடியலன்னா எங்க காரு நிக்கிது. அதுல கூட்டிட்டுப் போ."

சாமான் இலுப்பூரில் இல்லை. புதுக்கோட்டையில் இரண்டு கடைகளுக்குப் போன் செய்தோம், அங்கேயும் இல்லை. திருச்சியில் ஒரு கடைக்காரர் இருக்கிறது என்றார். கையில் பழைய சக்கரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இந்த மாதிரி வண்டிகளுக்கு வருஷத்துக்கு வருஷம் அளவு மாறும், போனில் கேட்டு வாங்கினால் பொருந்தாது.

சக்கரம், பெல்ட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றும் கிடைத்தன. திரும்பிவந்து பார்க்கும்போது செல்வராணி பட்டறையிலேயே இருந்தார். சபுராவோடு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என்ஜின் பக்கத்தில் படிந்த தூளையெல்லாம் பழைய பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தார். பல்சக்கரங்களில் உள்ள குறிகளை நேராகப் பொருத்தி, பெல்ட்டை மாட்டி, கையால் என்ஜினை இரண்டு சுற்றுச் சுற்றிச் சரிபார்த்து மூடியைப் போட்டபோது பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள்.

ஸ்டார்ட் செய்தோம். ஓடியது. ஆனால் அந்த நேரத்து ஓட்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காற்றில் இன்னும் வெயிலின் சூடு இருந்தது.

முன் சீட்

மறுநாள் விடியற்காலை மறுபடி அந்த ஊரில் நின்றேன். நாலு பேரும் ஏறிவிட்டார்கள். கூரையில் பனி. செல்வராணி சாவியைத் திருப்பினார். நான் பானெட்டைத் திறக்கவில்லை. ஜன்னல் அருகே நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். ரேஸ் பண்ணிக் கேட்டார். விட்டுவிட்டுக் கேட்டார்.

"இல்ல பாய். சுத்தமா இல்ல."

"இன்னிக்கி தூங்கிக்கிட்டே போகலாம்" என்றார் கருப்பையா பின்னாலிருந்து.

"முன்னாடி எடம் இருக்காம்மா? நானும் புதுக்கோட்டைக்கு வாரேன்."

முன் சீட்டில் தண்ணீர்க் கேனும் உபரிப் போர்வைகளும் இருந்தன. முருகேசன் இருந்தவரை அங்கேதான் உட்கார்ந்து வருவாராம். செல்வராணி எல்லாவற்றையும் எடுத்துப் பின்னால் கொடுத்துவிட்டு, சீட்டைக் கையால் தட்டிவிட்டார். எதற்கு வருகிறேன் என்று கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

புதுக்கோட்டையில் காது பார்க்கிற இடம் ஒரு மாடியில் இருந்தது. திறக்கும்வரை கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பரிசோதனை செய்தவர் இளம் பெண். சின்ன அறை ஒன்றுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்.

"சத்தம் கேட்டா அமுக்குங்க ஐயா. லேசா கேட்டாலும் அமுக்குங்க."

கதவை மூடிவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

முதலில் கனமான சத்தங்கள் வந்தன. அமுக்கினேன். கொஞ்சம் மெலிந்தவை வந்தன, அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஆனால் கண்ணாடி வழியாக அவர் கை அசைவது எனக்குத் தெரிந்தது. அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சத்தம் என் காதுக்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும். கையைப் பார்த்தே அமுக்கிவிடலாம். ஒரு கணம் அப்படித் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

முடிந்ததும் ஒரு படம் காட்டினார். கோடு பாதிவரை நேராக வந்தது. அதற்கப்புறம் கிணற்றுக்குள் விழுவது போல இறங்கியது.

"என்ன வேலை ஐயா பாத்தீங்க?"

சொன்னேன். வெளிநாட்டில் காதை மூடிக்கொள்ளக் கருவி கொடுத்தார்கள். அந்த வெயிலில் அதைப் போட்டால் வியர்வை வழிந்து உள்ளே புழுங்கும். நாங்கள் யாரும் போடுவதில்லை. எல்லாம் ஆணியில் வரிசையாகத் தொங்கும்.

"வீட்டுல வேற யாருக்காச்சும் காது மந்தமா?"

இல்லை என்று சொல்லவந்து நிறுத்தினேன். நான் பிறந்தது ஜெகதாப்பட்டினத்தில். அத்தா, என் தகப்பனார், விசைப்படகில் என்ஜின் ஓட்டுகிறவராக இருந்தார். எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்கு அந்த வேலைதான். எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். எதிர் எதிரே உட்கார்ந்துகொண்டு கத்துவார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், ஏதோ சண்டை நடக்கிறது என்று பாதியில் எழுந்து போனதுகூட உண்டு. அத்தாவை நாங்கள் கோபக்காரர் என்றே நினைத்து வளர்ந்தோம். அது காதுக் கோளாறாக இருக்கலாம் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை.

"இருந்திருக்கும்" என்றேன்.

போனது திரும்ப வராது என்றும், காதில் மிஷின் வைத்துக்கொண்டால் ஓரளவு சரிக்கட்டலாம் என்றும் அவர் விளக்கினார். "கனமான சத்தமெல்லாம் கேக்குறதால உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. மெல்லிசானதுதான் நழுவும். லேடீஸ், சின்னப் பிள்ளைங்க தள்ளி நின்னு மெதுவா பேசுனா புரியாது. முகத்தைப் பாத்துப் பேசுனா சமாளிச்சிருவீங்க. அப்பிடித்தான் இத்தனை வருஷம் சமாளிச்சிருக்கீங்க."

திரும்பும்போது வேனுக்குள் பேச்சே இல்லை. கருப்பையாவுக்குக்கூட வாய் திறக்கத் தெம்பில்லை. ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கினார். வேகத்தடை வந்தால் செல்வராணி வண்டியைத் தவழவிட்டுத்தான் ஏற்றி இறக்கினார்.

அன்னவாசல் தாண்டியதும் ஒரு தடவை என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்ன சொன்னாக பாய்?"

"மெல்லிசா இருக்கிறதெல்லாம் போயிருச்சாம். மிஷின் வச்சா கொஞ்சம் கேக்குமாம்."

"வச்சுக்கங்க" என்றார். "இந்த வண்டி மறுபடி கத்துச்சுன்னா நான் வேற யார்ட்ட போவேன்?"

சபுரா கேட்டது

வீட்டுக்குப் போனபோது சபுரா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"பின்னால நின்னு பேசுனா கேக்காதாமா?"

"தள்ளி நின்னு மெதுவா சொன்னா கேக்காதாம்."

"எத்தன வருசமா?"

"சரியா சொல்ல முடியாதாம். ரொம்ப வருசமா இருக்கும்னாக."

சபுரா கரண்டியைத் தட்டின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பேசினாளோ என்று சந்தேகம் வந்து அவள் உதட்டைப் பார்த்தேன். பேசவில்லைதான்.

"அப்ப நான் இங்கன நின்னு சொன்னதெல்லாம்?"

அடுப்புக்குப் பக்கத்தில் தான் நின்ற இடத்தைக் கையால் காட்டினாள்.

"நீங்க வெளிநாட்டுலேருந்து வந்ததுலேருந்து, நான் ஒண்ணு கேட்டா பாதி நேரம் பதிலே வராது. அங்கிட்டே தனியா இருந்து பழகிட்டாக, நம்ம பேச்சு தொந்தரவா இருக்கு போலன்னு நெனச்சேன். அப்பறம் கேக்குறத நானே கொறச்சுக்கிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். வீடு வருஷத்துக்கு வருஷம் அமைதியாகிக்கொண்டு வந்ததை நானும் கவனித்திருக்கிறேன். வயதானால் பேச்சு குறையும், எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

"என்னல்லாம் கேட்ட?"

"இப்ப எப்பிடி ஞாபகம் இருக்கும்? மழ வருமா, இன்னிக்கி பட்டறைக்கி யாரு வந்தா, டீக்கி சீனி போதுமா... இந்த மாதிரிதான். பெரிசா ஒண்ணுமில்ல."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு நேர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"வேன்ல யாரு யாரு வந்தாக? மொதல்லேருந்து சொல்லுங்க."